மெழுகுவர்த்தி கோஷ்டியின் கணக்கு

இந்தியா - பாகிஸ்தான் சமாதானம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வட இந்தியாவில் ஒரு பட்டப் பெயர் உண்டு: மெழுகுவர்த்தி கோஷ்டி. எல்லையில் குண்டு வெடித்தால் முதலில் வசவு விழுவது இவர்கள் மீதுதான். 'எங்கே போனார்கள் அந்த மெழுகுவர்த்திக்காரர்கள்?' என்று டி.வி. விவாதங்களில் கேட்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 2025 ஏப்ரல் 22-ந் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் கேட்டார்கள். அந்தப் படுகொலையில் கணவனை இழந்த இளம் பெண் ஒருவர், கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் யாரும் பாய வேண்டாம், நீதி வேண்டும், அமைதியும் வேண்டும் என்று சொன்னார். முதல் வாரம் அவருக்காக அழுத தேசம் இரண்டாவது வாரம் அவரைத் திட்டித் தீர்த்தது. தேசிய மகளிர் கமிஷன் குறுக்கிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவர் மெழுகுவர்த்தி எதையும் ஏற்றவில்லை.

இந்தப் பட்டப் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்டவர் மறைந்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார். 1923 ஆகஸ்ட் 14-ல் சியால்கோட்டில் பிறந்து, 1947 செப்டம்பரில் அகதியாக இந்தப் பக்கம் வந்தவர். 1990-களின் நடுவில் அவரும் நண்பர்களும் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 14 நள்ளிரவு, அதாவது பாகிஸ்தானின் சுதந்திர தினம் முடிந்து இந்தியாவின் சுதந்திர தினம் பிறக்கும் நேரத்தில், அட்டாரி - வாகா எல்லைக் கதவுக்கு அருகே மெழுகுவர்த்தி ஏற்றுவது. ஆரம்பத்தில் வந்தவர்களைக் கை விட்டு எண்ணிவிடலாம். பிறகு கூட்டம் சேர்ந்தது. பஞ்சாபிப் பாடகர்களின் கச்சேரி சேர்ந்தது. சில ஆண்டுகளில் கதவுக்கு மறுபக்கமும் வெளிச்சம் தெரிந்தது. பல ஆண்டுகளில் இருட்டுதான்.

அதே கதவில் தினமும் மாலையில் இன்னொரு காட்சி 1959 முதல் நடந்து வருகிறது. கொடியிறக்கும்போது இரு நாட்டுக் காவலர்களும் தலைக்கு மேல் காலைத் தூக்கி உதைத்து, மீசையை முறுக்கி, முறைத்துக்கொள்ளும் அந்த அணிவகுப்பைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். மாலைக் காட்சியும் நாடகம்தான், நள்ளிரவு மெழுகுவர்த்தியும் நாடகம்தான். முதலாவதற்கு அரசாங்கம் காலரி கட்டிக் கொடுத்திருக்கிறது.

கோஷ்டி மீதான விமர்சனங்களில் சாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெழுகுவர்த்தி எந்தப் போரையும் நிறுத்தியதில்லை. 1999 பிப்ரவரி 20-ல் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார்; மே மாதம் கார்கில் மலைகளில் சண்டை மூண்டுவிட்டது. இன்னொன்று, இந்த நட்பின் மொழி பெரும்பாலும் பஞ்சாபின் மொழி. அனார்கலி பஜாரைப் பற்றிய ஏக்கம் லூதியானாவில் கண்ணீரை வரவழைக்கலாம். மதுரையிலும் கோஹிமாவிலும் அதற்கு என்ன வேலை? பிரிவினையில் வீட்டைப் பறிகொடுத்த தலைமுறையின் துக்கம் அது. அந்தத் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. நய்யார் 2018 ஆகஸ்டில் காலமானார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி அதே ஆண்டு லாகூரில் ராவி ஆற்றில் கரைக்கப்பட்டது. அஸ்மா ஜஹாங்கீர், முபஷிர் ஹசன், ஐ.ஏ. ரஹ்மான் என்று மறுபக்கத்துப் பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மூன்றாவது விமர்சனம்தான் உண்மையில் கடுமையானது. 1994 செப்டம்பரில் லாகூரில் கூடிப் பேசி உருவாக்கிய 'அமைதிக்கும் ஜனநாயகத்துக்குமான பாகிஸ்தான் - இந்திய மக்கள் மன்றம்' 1995-ல் டெல்லியிலும் லாகூரிலும், 1996-ல் கல்கத்தாவிலும், அணுகுண்டுச் சோதனைகள் நடந்த 1998-ல் பெஷாவரிலும், 2000-ல் பெங்களூரிலும் மாநாடுகள் நடத்தியது. காஷ்மீர் வெறும் நிலத் தகராறு அல்ல, அங்கே வாழும் மக்களின் பிரச்சினை என்று இரு நாட்டவரும் ஒரே தாளில் எழுதியது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் மாநாடு நடக்க விசா வேண்டும். விசா கொடுப்பது அரசாங்கம். இரு அரசாங்கங்களும் சிரித்துப் பேசும்போது மக்களும் சந்திக்கலாம். முறைத்துக்கொண்டால் மக்கள் சந்திப்பும் ரத்து. வெயிலில் மட்டும் விரியும் குடையால் யாருக்கு லாபம்? (இந்த மன்றத்தின் இந்தியத் தலைவர்களில் ஒருவர் அட்மிரல் ராமதாஸ். 1971 போரில் வீர் சக்ரா வாங்கியவர், 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர். ரஹ்மானோடு சேர்ந்து 2004-ல் மகசேசே விருது பெற்றார். 'கோழைகள்' என்று வையத் தொடங்குகிறவர்கள் அவர் பெயர் வந்ததும் கொஞ்சம் திணறுவார்கள். அவரும் 2024-ல் மறைந்துவிட்டார்.)

மழையிலும் குடை பிடித்தவர்கள் உண்டு. 1999 மே 11-ல், பொக்ரான் சோதனையின் முதலாண்டு நிறைவில், அந்தப் பாலைவன ஊரிலிருந்து ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. முன்னின்றவர் சந்தீப் பாண்டே. அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, ஐ.ஐ.டி.யில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, உத்தரப் பிரதேச கிராமங்களில் வேலை செய்யப் போனவர். போக வேண்டிய இடம் புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத். சேர வேண்டிய நாள் ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நினைவு நாள். (1974-ல் இதே பொக்ரானில் நடந்த முதல் சோதனைக்கு 'சிரிக்கும் புத்தர்' என்று சங்கேதப் பெயர் சூட்டிய நாட்டில் இந்தத் தேர்வு பொருத்தமானதே.) ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், 88 நாட்கள். புறப்பட்டபோது யாரும் கார்கிலை எதிர்பார்க்கவில்லை. நடந்துகொண்டிருக்கையில் போர் வந்துவிட்டது. தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டிகள் ராஜஸ்தானுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துகொண்டிருந்த வாரங்களில், அதே மாநிலங்களின் கிராமங்கள் வழியாக அணுகுண்டு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நடப்பதற்குத் துணிச்சல் வேண்டும். நடையை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தவில்லை.

மறு ஆண்டு மார்ச் மாதம், காட்மாண்டு விமானக் கடத்தல் முடிந்து இரண்டு மூன்று மாதங்களே ஆன நிலையில், காந்தியவாதி நிர்மலா தேஷ்பாண்டே தலைமையில் பெண்கள் பஸ் ஏறி லாகூர் போனார்கள். அதே ஆண்டு அஸ்மா ஜஹாங்கீர் பாகிஸ்தான் பெண்களை டெல்லிக்கு அழைத்து வந்தார். 2005-ல் மீண்டும் ஒரு நடை: பகத் சிங் தூக்கிலிடப்பட்ட மார்ச் 23-ல் டெல்லியில் தொடங்கி மே 11-ல் முல்தான் போய்ச் சேர்ந்தது. மறுபக்கத்தில் ஏற்பாடுகளைச் செய்தவர்களில் கராச்சி தொழிற்சங்கத் தலைவர் கராமத் அலியும் ஒருவர். அவர் பிறந்த ஊரும் முல்தான்தான்.

கராமத் அலியின் பெயர் இன்னொரு இடத்தில் முக்கியமாகிறது. கோஷ்டியின் கணக்கை யாராவது நியாயமாகத் தணிக்கை செய்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அது வாகா அல்ல, குஜராத் கடல்.

கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே சர் கிரீக் என்று 96 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சதுப்பு ஓடை. அது யாருடையது என்பதில் இரு நாடுகளுக்கும் தகராறு. ஓடைக்குள் எல்லை முடிவாகாததால் அதன் முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் போகும் எல்லையும் முடிவாகவில்லை. ஆனால் சிந்து நதி கலக்கும் அந்தப் பக்கம்தான் மீன் அதிகம். போர்பந்தரிலும் வேராவலிலும் இருந்து கிளம்பும் படகுகள் வலையைப் பின்தொடர்ந்து போகின்றன. பாகிஸ்தான் ரோந்துக் கப்பல் வந்து பிடித்துக்கொண்டு போகிறது. தட்டா, பதீன் மாவட்டங்களிலிருந்து வரும் சிந்தி மீனவர்களை இந்தியா பிடிக்கிறது. ராமேஸ்வரம் செய்திகளைப் படித்துப் பழகிய வாசகருக்கு இது புதிதல்ல. புதிது, சிறையில் நடப்பது.

அத்துமீறி நுழைந்த குற்றத்துக்குத் தண்டனை பெரும்பாலும் சில மாதங்கள். உள்ளே இருப்பது வருடங்கள். காரணம் கொடூரம் என்பதைவிடக் காகிதம். பிடிபட்டவர் இந்தியர்தான் என்று இந்தியா உறுதி செய்ய வேண்டும். அவர் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் கராச்சி மலீர் சிறையிலிருந்து இஸ்லாமாபாத் போய், அங்கிருந்து டெல்லி, காந்திநகர், மாவட்டப் போலீஸ் என்று இறங்கி, யாரோ ஒரு கான்ஸ்டபிள் அந்த ஊரில் கதவைத் தட்டிக் கேட்டு, பதில் வந்த வழியே ஏற வேண்டும். இடையில் தூதரக அதிகாரி வெளியேற்றப்பட்டால் காகிதமும் நிற்கும். 2008 மே மாதம் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு இதற்குக் கெடு வைத்தது: கைதான 3 மாதத்துக்குள் தூதரக அதிகாரி கைதியைச் சந்திக்க வேண்டும், நாட்டுரிமை உறுதியாகித் தண்டனையும் முடிந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். கெடு தாளில் இருக்கிறது. இரு நாடுகளின் ஓய்வு பெற்ற நீதிபதிகளும் சிறைகளுக்குப் போய்ப் பார்த்துச் சிபாரிசு செய்ய 2007-ல் ஒரு குழு அமைத்தார்கள். 2013-க்குப் பிறகு அந்த ஏற்பாடும் படுத்துவிட்டது. சிறையில் இறந்துபோன மீனவரின் உடல் ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆனதும் நடந்திருக்கிறது.

இந்தக் காகிதத்தை விரட்டுவதுதான் கோஷ்டியின் அசல் வேலை. மும்பையில் பத்திரிகையாளர் ஜதின் தேசாய் போன்றவர்கள், மீனவர் சங்கங்கள், கராச்சியில் கராமத் அலியின் தொழிலாளர் கல்வி நிறுவனமான 'பைலர்', பாகிஸ்தான் மீனவர் அமைப்பு என்று ஒரு மெல்லிய சங்கிலி. இந்தப் பக்கம் குடும்பத்தாரிடம் விவரம் வாங்குவது, அந்தப் பக்கம் சிறையில் ஆளை அடையாளம் காண்பது, இரண்டு வெளியுறவு அமைச்சகங்களுக்கும் சளைக்காமல் கடிதம் எழுதுவது. பைலரும் மீனவர் அமைப்பும் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2010-ல் 400-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் ஊர் திரும்பினார்கள். எதிரி நாட்டு மீனவனுக்காகத் தன் அரசாங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது என்று தேடினால் கை வலிக்காது.

இதற்கு விலையும் உண்டு. லாகூரைச் சேர்ந்த ஜீனத் ஷாஜாதி இளம் பத்திரிகையாளர். பாகிஸ்தானில் காணாமல்போன மும்பை இளைஞர் ஒருவரின் தாயார் சார்பில் மனுக்கள் போட்டு, அவர் ராணுவத்தின் காவலில் இருப்பதை வெளியே கொண்டுவரப் பாடுபட்டவர். 2015 ஆகஸ்டில் ஜீனத்தே காணாமல் போனார். அவர் மீட்கப்பட்டது 2017 அக்டோபரில். அதற்குள் அவருடைய தம்பி தற்கொலை செய்துகொண்டிருந்தார். ஜீனத் யாருக்காக அலைந்தாரோ அந்த இளைஞர் 2018 டிசம்பரில் விடுதலையாகி வாகா வழியாக நடந்து வந்தார்.

மீனவர்கள் வருவதும் அதே கதவு வழியாகத்தான். இது கொஞ்சம் வேடிக்கையான பயணம். பிடிபடுவது கடலில், போர்பந்தரிலிருந்து படகில் போனால் கராச்சி அதிக தூரமில்லை. ஆனால் விடுதலையானவர்களை கராச்சியிலிருந்து ரயிலில் லாகூருக்கு அனுப்புகிறார்கள். செலவையும் வழிச் சாப்பாட்டையும் பெரும்பாலும் ஏற்பது கராச்சியின் ஈதி அறக்கட்டளை. கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பும். வாகாவில் எல்லை கடந்து, அமிர்தசரஸிலிருந்து திரும்பவும் தெற்கே குஜராத்துக்கு. மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். படகு கராச்சியிலேயே நின்றுவிடும். 2023 மே, ஜூன் மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 400 பேர் இப்படி வந்தார்கள். 2025 பிப்ரவரியில் 22 பேர்.

ஏப்ரலில் பஹல்காம். அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது, விசாக்கள் ரத்து. சம்ஜோதா ரயிலும் டெல்லி - லாகூர் பஸ்ஸும் 2019 ஆகஸ்டிலேயே நின்றுபோனவை. மே 7 முதல் 10 வரை ஏவுகணைகளும் டிரோன்களும் பறந்தன. மாலை அணிவகுப்புகூடச் சில நாள் நின்று, பிறகு கதவைத் திறக்காமலும் கை குலுக்காமலும் தொடர்ந்தது.

நிற்காதது ஒன்றே ஒன்று. 2008 உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் இரு நாடுகளும் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். சண்டை நின்று இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1-லும் பட்டியல்கள் கை மாறின. இந்தியா கொடுத்ததில் 382 சிவில் கைதிகள், 81 மீனவர்கள். பாகிஸ்தான் கொடுத்ததில் 53 சிவில் கைதிகள், 193 மீனவர்கள். 'இந்தியர்கள் அல்லது இந்தியர்கள் என்று நம்பப்படுகிறவர்கள்' என்ற வழக்கமான அடைமொழியோடு. தண்டனைக் காலம் முடிந்த 159 இந்தியர்களை விரைவாக அனுப்பும்படி டெல்லி கேட்டுக்கொண்டது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் பெயர் எந்த ஊர் என்று விசாரிக்கும் வேலை மும்பையிலும் வேராவலிலும் கராச்சியிலும் மறுபடி முதலிலிருந்து.