பரட்டை இல்லைங்க, சுருட்டை!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. மார்ச் மாசம் பேங்க்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ஆணி பிடுங்கியே கை தேஞ்சு போச்சு. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். கோபம்தான் இழுத்துட்டு வந்துச்சு.

விஷயம் ஒரு க்ளட்சர். அதாங்க, நண்டு மாதிரி கவ்விப் பிடிக்குமே, தலையில போடற கிளிப். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு ரங்கமணி மாதிரி கேட்காம முழுசா படிங்க, சொல்றேன்.

ஏப்ரல்ல பொண்ணுக்குப் புது வகுப்பு, புது டீச்சர். மூணாவது நாளே டைரியில சிவப்பு மையில ஒரு வரி. தலை ஒழுங்கா வாரலை, நாளையில இருந்து எண்ணெய் வச்சு இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பவும். இங்க டெல்லியில, மயூர் விஹார்ல, காலையில ஆறேகாலுக்குப் பள்ளிக்கூட வேன் வரும். அன்னிக்கு அஞ்சரைக்கு எழுந்து தண்ணி தெளிச்சு, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால சிக்கெடுத்து, மேல தூக்கிச் சுருட்டி, கறுப்பு க்ளட்சர் போட்டு அனுப்பினது சாட்சாத் நான்தான். ஒரு முடி முகத்துல விழலை. ஆனா சுருள் சுருளா இருந்துச்சு. அதான் குற்றம்.

அதுகூடப் பரவாயில்லை. அன்னிக்கு ராத்திரி பொண்ணு பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு, "அம்மா, பர்த்டேக்கு டிரெஸ் வேண்டாம். ஸ்மூத்தனிங் பண்ணி விடறியா? எல்லாரும் என்னை மேகி மேகின்னு கூப்பிடறாங்க"ன்னா. பன்னிரண்டு வயசு. எனக்குத் தூக்கம் போச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கும் இதே முடிதான். பாளையங்கோட்டையில படிச்சப்ப எனக்கு ரெண்டு பட்டப்பேர். ஒண்ணு சாய்பாபா. இன்னொண்ணு பரட்டை. 1977ல வந்த பதினாறு வயதினிலே படத்துல ரஜினி பேரு பரட்டை, வில்லன். நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த படம், ஆனா அந்தப் பேரு என் தலையில வந்து உட்கார்ந்துடுச்சு. எங்க ஆச்சி மட்டும், "ஏட்டி, சுருட்டை முடி சோறு போடும்ட்டி, அழாத"ன்னு சொல்லும். அம்மா அப்படி இல்லை. தேங்காய் எண்ணெய் வழிய வழிய வச்சு, காய்ஞ்ச முடியைச் சீப்பால இழு இழுன்னு இழுத்து, கண்ணு மேல ஏர்ற மாதிரி பின்னி, கறுப்பு ரிப்பன் கட்டி விடுவா. பாவம், அவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரங்க வாயை அடைக்கணுமே.

இப்ப கண்ணாடியில பார்த்தா, எனக்கு ரெண்டு நெத்திப்பொட்டு ஓரத்துலயும் முடி ஏறிப் போயிருக்கு. வயசுன்னு நினைச்சேன். தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல இறுக்கிப் பின்னுவாங்களா?" இதுக்கு டிராக்‌ஷன் அலோபீஷியான்னு பேராம். ஒரே இடத்துல வருஷக்கணக்கா இழுத்துக் கட்டினா வேர் களைச்சுப் போய் முடி உதிரும். ஆரம்பத்துல கவனிச்சா திரும்ப வளரும். விட்டுட்டா வேர்லயே தழும்பாகி, வளரவே வளராது. எனக்கு விட்டாச்சு. பொண்ணுக்கு ஆறாவது வரைக்கும் நானும் அதையேதான் பண்ணேன். போன வருஷம் அவ நெத்தி ஓரத்துல பூனைமுடி மாதிரி மெலிஞ்சிருக்கறதைப் பார்த்துத்தான் முழிச்சுக்கிட்டேன். க்ளட்சர் எங்க வீட்டுக்கு வந்த கதை இதுதான். ஸ்டைலுக்காக வரலை.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

சுருட்டை முடி வாராததால பரட்டை ஆகறதில்லை. காய்ஞ்சிருக்கறப்ப வாரினாத்தான் பரட்டை ஆகுது. நேர் முடியில தலையில ஊர்ற எண்ணெய்ப் பசை சறுக்கிக்கிட்டு நுனி வரைக்கும் போயிடும். சுருள்ல அது வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும், நுனிக்குப் போய்ச் சேராது. அதனால நுனி எப்பவும் வறண்டிருக்கும். அந்த வறண்ட முடியில சீப்பை விட்டா, கொத்துக் கொத்தா சேர்ந்திருந்த சுருள் பிரிஞ்சு, பஞ்சு மிட்டாய் மாதிரி ஆயிடும். அமெரிக்க தோல் மருத்துவர் சங்கமே நேர் முடிக்காரங்க கொஞ்சம் காய விட்டு வாருங்க, சுருட்டை முடிக்காரங்க ஈரமா இருக்கறப்பவே அகலப் பல் சீப்பால சிக்கெடுங்கன்னு தனித்தனியாத்தான் சொல்லுது. நம்ம ஊர்லயோ ஒரே சீப்பு, ஒரே சட்டம். அந்தச் சட்டம் எழுதினவங்க தலை நேர் முடி.

அடுத்தது பார்லர். அந்தத் தப்பையும் பண்ணிட்டேன், மறைக்க மாட்டேன். 2012ல ப்ரமோஷன் நேர்முகத்துக்கு முன்னாடி, ஒரு மேலதிகாரி "கொஞ்சம் புரொஃபஷனலா வாங்க"ன்னு என் தலையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். எட்டாயிரம் ரூபா கொடுத்து மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். மருந்து தடவி, இஸ்திரி வச்சு இழுக்க இழுக்கப் புகை. கண்ணு எரிஞ்சு தண்ணியா கொட்டுது. பண்ணி விட்ட பையன் மாஸ்க் போட்டிருந்தான். எனக்குக் கொடுக்கலை.

அந்தப் புகை என்னன்னு அப்புறம்தான் படிச்சேன். இந்த மாதிரி மருந்துகள் பலதுலயும் சூடு பட்டா ஃபார்மால்டிஹைட் வரும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு 2004லயே அறிவிச்சாச்சு. சரி, ஃபார்மால்டிஹைட் இல்லாததுன்னு விக்கறாங்களேன்னு கேட்பீங்க. அதுல சிலதுல கிளையாக்ஸிலிக் அமிலம். 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கேஸ் வந்துச்சு. 26 வயசுப் பொண்ணு, மூணு தடவை முடி நேராக்கிக்கிட்டா, மூணு தடவையும் சிறுநீரகம் அடி வாங்குச்சு. இதைத்தான் பன்னிரண்டு வயசுக்குப் பர்த்டே பரிசா கேட்குது என் பிள்ளை.

இத்தனையும் பண்ணி என்ன கிடைக்கும்? நாலு மாசத்துல வேர்ல இருந்து புது முடி சுருண்டுதான் வரும். முடியோட வடிவம் தோலுக்குள்ள இருக்கிற வேர்ப்பையில முடிவாகுது. வெளியில வந்த முடியை என்ன பண்ணாலும் உள்ளே இருக்கறதுக்குத் தெரியாது. எனக்குப் பாதி நேரா, பாதி சுருட்டையா, துடைப்பத்துல வேப்பிலை கட்டின மாதிரி இருந்துச்சு. மொத்தமா வெட்டிட்டேன். (ப்ரமோஷனும் வரலை. ஹி ஹி.)

இப்ப வழக்கமா வர்ற கேள்விகளுக்குப் பதில்.

"பள்ளிக்கூடத்துல ஒழுங்கு வேண்டாமா?" வேணும்ங்க. முடி முகத்துல விழக்கூடாது, பக்கத்துப் பிள்ளை மேல படக்கூடாது, கட்டியிருக்கணும். மூணும் க்ளட்சர்ல நடக்குது. பின்னலும் வேண்டாம்னு சொல்லலை, தளர்வா போட்டா அதுவும் சரிதான். மிச்சமிருக்கறது ஒண்ணே ஒண்ணு, நேர் முடி மாதிரி தெரியணும்ங்கறது. அது ஒழுங்கு இல்லை, கண்ணு பழகின பழக்கம்.

"பேன் வருமே?" பேன் தலையும் தலையும் ஒட்டினா வரும். பின்னல் போட்ட தலைக்கும் வரும், நான் வாங்கியிருக்கேன்.

"பின்னல்தானே நம்ம பண்பாடு?" பழைய தமிழ்ல பெண்கள் கூந்தலுக்கு ஐம்பால்னு பேரு. அஞ்சு விதமா முடிக்கிறதால அந்தப் பேரு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சைன்னு அகராதியில வரிசையா இருக்கு. சுருள்னே ஒண்ணு இருக்கு பாருங்க. பண்பாட்டுக்கு ஆட்டோ அனுப்பறவங்க முதல்ல அகராதியைத் திறங்க.

"எண்ணெய் வேண்டாம்ங்கறியா?" யார் சொன்னா? தேங்காய் எண்ணெய் முடியோட புரதம் கரைஞ்சு போறதைக் குறைக்கும்னு 2003லயே ஆய்வு வந்திருக்கு. குளிக்கறதுக்கு முன்னாடி வையுங்க. பளபளன்னு படிய வைக்கிற பசையா அதைப் பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

இது உலகம் முழுக்க ஓடற சண்டை. 2016ல தென்னாப்பிரிக்காவுல, பிரிட்டோரியாவுல ஒரு பெண்கள் பள்ளியில கறுப்பினப் பிள்ளைங்க தங்களோட இயற்கையான முடிக்காகப் போராடினாங்க. 2019ல கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி முடியைக் காரணம் காட்டி வேலையிலயோ பள்ளியிலயோ ஒதுக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. அவங்க பட்டது நிறவெறி, நாம பட்டதை அதோட வச்சுப் பேச மாட்டேன். ஆனா கேள்வி ஒண்ணுதான். யாரோட முடி "நீட்"? அதை யார் முடிவு பண்றது?

சரி, திட்டினது போதும். ஊரை விட்டு வந்து, ஆச்சி அத்தை யாரும் பக்கத்துல இல்லாம, காலையில அடுப்பையும் பிள்ளையையும் ஒண்ணா பார்த்துக்கிற தாய்க்குலத்துக்கு, நாங்க செய்யறது இதுதான்.

முதல்ல க்ளட்சர் வாங்கற விதம். அடர்த்தியான சுருட்டைக்குச் சின்னது தாங்காது, ஸ்பிரிங் தெறிச்சு ஓடும். உள்ளங்கை நீளம் இருக்கணும், பல்லு நீளமா உள்பக்கம் வளைஞ்சிருக்கணும், நுனி மழுங்கியிருக்கணும். சரோஜினி நகர்ல 60 ரூபாய்க்கு வாங்கினது எங்க வீட்ல இன்னும் உழைக்குது.

1. பாதித் தூக்கல். காதுக்கு மேல இருக்கிற முடியை மட்டும் விரலால (சீப்பு வேண்டாம்) பின்னால கொண்டுவந்து ஒரு முறுக்கு முறுக்கிக் கவ்வ விடுங்க. கீழ்ப்பாதி சுருள் தொங்கட்டும். விசேஷத்துக்கு, கடைக்குப் போக.

2. மேல் முறுக்கு. மொத்த முடியையும் பிடரியில சேர்த்துப் பிடிச்சு, கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டே மேல தூக்குங்க. நுனிச் சுருளை உச்சியில விழ விட்டுட்டு, முறுக்கு மேல நேரா குத்துங்க. ஒரு நிமிஷ வேலை. பள்ளிக்கூடத்துக்கு இதுதான்.

3. தாழ்கொண்டை. தலைக்குக் குளிச்ச அன்னிக்கு, பாதி ஈரத்துல, கழுத்துக்கிட்ட தளர்வா சுருட்டிக் கீழ இருந்து மேலாக் கவ்வுங்க. ஆபீஸ் போய்க் கழட்டினா சுருள் அழகா விழும். மெட்ரோவுல எத்தனை பேர் கேட்டிருக்காங்க தெரியுமா!

குளிச்சதும் தடித்த டவலால தேய்க்காதீங்க. நம்ம ஊர் ஈரிழைத் துண்டால ஒத்தி எடுங்க. இல்லேன்னா ரங்கமணியோட பழைய டீ-ஷர்ட். செம்பருத்தி இலை கசக்கின கொழகொழப்பு, இல்லை ஆளி விதை கொதிக்க வச்ச தண்ணி, ரெண்டும் கடை ஜெல்லுக்குக் குறைஞ்சதில்லை. ஒரு எச்சரிக்கை: கார்ல, ஸ்கூட்டர்ல போறப்ப, விளையாடறப்ப பின்மண்டையில க்ளட்சர் வேண்டாம். விழுந்தாலோ இடிச்சாலோ குத்திடும். கழட்டிப் பையில போட்டுட்டுத் துணி ரப்பர் பேண்ட் போடுங்க. தினமும் ஒரே இடத்துல இறுக்கிக் குத்தாதீங்க. இல்லேன்னா பின்னல் கதைதான் திரும்ப வரும்.

டைரியில பதில் எழுதியாச்சு. தோல் டாக்டர் சீட்டை இணைச்சு, முடி கட்டித்தான் இருக்கு, இறுக்கிப் பின்ன மாட்டேன்னு ரெண்டே வரி. இதுவரைக்கும் டீச்சர்கிட்ட இருந்து ஒரு கையெழுத்து மட்டும் வந்திருக்கு. சம்மதமா, கோபமா, தெரியலை.

பொண்ணு? நான் பேசினதை எல்லாம் கேட்டுட்டு, என் நெத்தி ஓரத்தை விரலால தடவிப் பார்த்தா. "வலிச்சுதாம்மா?"ன்னா. அப்புறம், "சரி, கல்யாணம் வரைக்கும் இப்படியே இருக்கேன். அப்புறம் பேசுவோம்"னு முடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான் ஜெயிச்சிருக்கேன்.

வைகாசியில பாளையங்கோட்டையில அவ பெரியம்மா வீட்டுக் கல்யாணம். அத்தைமாரே, மதினிமாரே, உங்களுக்குத்தான் சொல்றேன். எம்பிள்ளை சுருட்டையோட, க்ளட்சரோட, அதுல ஒரு முழம் பிச்சிப்பூவோட வருவா. "என்னட்டி, பிள்ளைக்குத் தலை சீவி விடலியா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அந்த ஒத்த வார்த்தையில ரெண்டு மாசமா நான் பேசினது மொத்தமும் போயிடும்.

டிஸ்கி: உங்க வீட்ல சுருட்டைத் தலை இருந்தா, அதுக்கு என்ன பட்டப்பேர் வச்சிருக்காங்கன்னு இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. பின்னூட்டம் அப்புறம் போடலாம் :-)