மேம்பாலத்தில் கார் மக்கர்: கோளாறு பின் சீட்டுக்கு அடியிலே!

மாலை 6 மணி. கத்திப்பாரா மேம்பாலம். ஏறிக்கொண்டிருந்த டாக்சி ஒன்று குலுங்கிக் குலுங்கி ஓரமாக நின்று விடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். டிரைவர் இறங்கிப் போய் பானட்டைத் திறக்கிறார்.

ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஆனால் பானட்டுக்குள் தேடிப் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். பெட்ரோல் பம்ப் இப்போது அங்கே இல்லை. பின் சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டாங்கிக்கு உள்ளே முங்கிக் கிடக்கிறது!

"பம்ப் போச்சு சார்"

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பல இடங்களில் முதல் தீர்ப்பு இதுதான். "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்." பம்ப், மிதவை, சல்லடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த செட்டாகவே பல கார்களுக்கு வருகிறது. பில் ஆயிரக்கணக்கில் ஏறும். மாற்றி ஒரு வாரத்தில் அதே பாலத்தில் வண்டி மறுபடி நின்றால்? கெட்டது பம்ப் அல்ல, சில நூறு ரூபாய் ரிலே என்பது அப்போதுதான் தெரியவரும். சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவருக்கு இரண்டு நாள் சவாரியும் போச்சு, பம்ப் காசும் போச்சு.

ஈரத்துணி காலம்

அம்பாசடர், பியட் ஓடிய நாளில் பம்ப் என்ஜின் பக்கத்திலேயே இருந்தது. என்ஜின் சுற்றினால் ஒரு நெம்புகோல் ஆடும். அது ஒரு சவ்வை இழுத்து விடும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். அதற்கு மூன்று முதல் ஐந்து பவுண்டு அழுத்தம் போதும். கத்திரி வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்று விடும். டிரைவர் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி விட்டு, ஒரு டீ குடித்து விட்டு வந்தால் வண்டி கிளம்பி விடும். பானட்டைத் திறக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கார்புரேட்டருக்கு விடை கொடுத்தார்கள். வந்தது இன்ஜெக்டர். பெட்ரோலைப் பனி போலப் பீய்ச்ச அதற்குச் சுமார் 3 பார், அதாவது 40 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். கார் டயருக்கு அடிக்கும் காற்றே 30, 35 பவுண்டுதான்!

இவ்வளவு அழுத்தத்துக்கு மின்சாரப் பம்ப் தேவை. அதை ஏன் டாங்கிக்குள் இறக்கினார்கள்? முன்னாலிருந்து உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். பின்னாலிருந்து தள்ளினால் அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும் அதற்கு எண்ணெய் போல வழுக்கல் கொடுப்பதும் சுற்றியுள்ள பெட்ரோலேதான். சத்தமும் வெளியே அவ்வளவாகக் கேட்காது.

பெட்ரோலுக்குள்ளே கரண்டா, வெடிக்காதா என்று பலர் பயப்படுகிறார்கள். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். டாங்கிக்குள் ஆவி அதை விட ரொம்ப அதிகம். எரியப் போதிய காற்று அங்கே இல்லை.

இருநூறு ரூபாய் பெட்ரோல்

ஆனால் பெட்ரோல் குறையக் குறைய பம்புக்குச் சோதனைதான். இருநூறுக்கு ஒரு தடவை, முந்நூறுக்கு ஒரு தடவை என்று போட்டு, மஞ்சள் விளக்கு எரிந்தபடியே ஓட்டுவது நகரத்தில் சகஜம். கையில் காசு வருகிறபடிதானே போட முடியும்? இதற்காகவே பம்பைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெட்ரோல் அதில் எப்போதும் நிற்கும். அதனால் ஒரு நாள் ரிசர்வில் ஓட்டினால் பம்ப் கருகி விடாது. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் சூடு ஏறி ஏறி ஆயுசு குறையும். அடியில் தங்கும் கசடும் சல்லடையை அடைக்கும்.

பாலம் ஏறும்போது வண்டி நிற்கும் ரகசியமும் இதில் இருக்கிறது. ஏற்றத்தில் என்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும். சல்லடை அடைத்திருந்தால் அந்த நேரத்தில்தான் பற்றாக்குறை வரும். டாங்கியில் இருக்கும் கொஞ்சமும் சரிவில் ஒரு பக்கமாக ஒதுங்கி விடும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கார்கள் மூழ்கியதைக் கண்டவர்கள், 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேலேயே கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். டாங்கிக்குள் தண்ணீர் புகுந்தால் அது அடியில் இறங்கும். பம்ப் இருப்பதும் அடியில்தான். இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் கொஞ்சமாகக் கலந்தால் எத்தனால் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து கீழே தங்கி விடும். வெள்ளத்தில் நின்ற காரில் சாவியைத் திருப்பாமல், முதலில் டாங்கியைக் காலி செய்வதே சரி.

காது கொடுத்துக் கேட்கலாம்

சோதனை பெரிய வித்தை அல்ல. ஒருவர் பின் சீட்டில் உட்கார வேண்டும். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' வரை திருப்ப வேண்டும். பல கார்களில் அடியிலிருந்து இரண்டு விநாடி "ஊம்" என்று ஓசை வரும்.

ஓசை இல்லையா? முதலில் பார்க்க வேண்டியது பியூஸ். அடுத்தது ரிலே. அதே பெட்டியில் ஹாரன் ரிலேயும் அதே நம்பராக இருந்தால் மாற்றிச் செருகிப் பார்த்தாலே தெரிந்து விடும். சில கார்களில் மோதல் நேர்ந்தால் பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அது விழுந்து விடலாம். அதன் பிறகுதான் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் ஒயர் சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பம்ப் ஊமையாக இருந்தால், அப்போது சொல்லலாம் "பம்ப் போச்சு" என்று.

ஓசை வந்தால் மட்டும் பம்ப் நல்ல பம்ப் ஆகி விடாது. தேய்ந்த பம்பும் முனகும், தள்ளாது. பெட்ரோல் லைனில் பிரஷர் மீட்டர் போட்டுப் பார்த்தால் உண்மை வெளிவரும். பிரஷர் சரியாக இருந்தால் கோளாறு ஸ்பார்க்கிலோ சென்சாரிலோ இருக்கிறது. பம்ப் மேல் பழி போட வேண்டாம். டர்போ வகைக் கார்கள் பலவற்றில் என்ஜின் மேல் இரண்டாவது பம்ப் ஒன்றும் உண்டு; அதற்குத் தனிக் கருவி வேண்டும். மீட்டர் இல்லாமலே செட்டை மாற்றச் சொல்லும் இடத்தில், கார்க்காரர் ஒரு கேள்வி கேட்டால் தப்பில்லை.

என்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் இருக்கும். குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். வீட்டு வாசலில் வைத்து இந்த வேலையில் இறங்குவது ஆபத்து.

கம்பெனியே கூப்பிட்ட கதை

எல்லாப் பழியும் ஓட்டுகிறவர் மேல் இல்லை. பெட்ரோல் பம்பில் குறை இருக்கலாம் என்று 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் வேகன்ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,000-க்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரத்தில் குறை, என்ஜின் நின்று விடலாம் அல்லது கிளம்பாமலே போகலாம் என்று காரணம் சொன்னார்கள். மாற்றித் தருவது இலவசம்!

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள்தான் இதைக் கோட்டை விடுகிறார்கள். கம்பெனியின் கடிதமும் போனும் பழைய சொந்தக்காரருக்கே போய் விடக்கூடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்திலோ ஷோரூமிலோ கொடுத்தால், அந்தக் கார் பட்டியலில் இருக்கிறதா என்று உடனே சொல்லி விடுவார்கள்.