பதினைந்து இலக்கப் பாஸ்போர்ட்

நமது பொன்னமராவதியிலிருந்து அயல்தேசம் போகிறவர்களுக்குப் புத்திமதி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஊறுகாய் ஜாடியை எப்படிக் கட்டுவது, திருச்சி விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது, அங்கே போனதும் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையிலேயே இலவசமாய்க் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறியும் விமானமேறியும் பழகிய சீமையல்லவா? அந்தப் புத்திமதிக் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறோம்.

2025-ஆம் வருஷத்தில், நம்மிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன் விடைபெற்றுக்கொள்ள வந்தான். எஞ்சினீயராகத் துருக்கி தேசத்துக்குப் போகிறான். இஸ்தான்புல் நகருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷ வேலை. “ஸார், கைப்பேசி புதிதாக வேண்டும். இங்கே வாங்கட்டுமா, அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டான். “அந்நிய ஊரில் முதல் மாதச் சம்பளத்தைக் கரைக்காதே, தம்பி. இங்கேயே நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு போ” என்றோம். அவனும் குருவாக்கியத்தைத் தட்டாமல் முப்பதாயிரம் ரூபாயில் ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

நான்கு மாத காலம் ஒரு குறையுமில்லை. பிறகு ஒரு நாள் நண்பகலில் அவனுடைய தகப்பனாருக்கு மார்வலி கண்டு, புதுக்கோட்டைக்கு எடுத்துச் சென்றார்கள். தாயார் பிள்ளையின் துருக்கி நம்பருக்குக் கூப்பிட்டார். மணியே அடிக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டும் பயனில்லை. பையன் வேலை முடிந்து, இரவில் தன் விடுதிக்குத் திரும்பி, அங்குள்ள வைஃபையில் கருவி இணைந்த பிறகுதான் செய்தி அவனுக்கு எட்டியது. இடையில் ஒன்பது மணி நேரம் கழிந்துவிட்டது. தகப்பனார் பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாயிருக்கிறார். ஆனால் அந்த அம்மையார் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “வாத்தியார் ஐயா, என் பிள்ளை ஒரு தப்பும் பண்ணலையே! அவன் போனை மட்டும் எதுக்கு வாயடைச்சுப் போட்டாங்க?” என்று கேட்டபோது, நம்மிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் பிடித்த கதையே இந்த வாரத்து விஷயம்.

ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்கங்கொண்ட எண் ஒன்று உண்டு. ஐ.எம்.இ.ஐ. என்பது அதன் பெயர். சிம் அட்டையை மாற்றினாலும் அது மாறாது. முதல் எட்டு இலக்கங்கள் கருவி எந்த மாதிரியைச் சேர்ந்தது என்பதைக் கூறும். அடுத்த ஆறு அதன் வரிசை எண். கடைசி இலக்கம் வெறும் காவற்காரன். முன்னுள்ள பதினான்கில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, வரும் இலக்கங்களையெல்லாம் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அந்தக் கடைசி இலக்கம் வந்துவிடும். (எட்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். பாடப் புத்தகத்துக் கணக்குக்கு வராத உற்சாகம் இதற்கு வந்தது!) கருவி ஒரு வலையமைப்பில் சேரும்போது தன் எண்ணை அறிவிக்கிறது. ஏடு வைத்திருக்கும் தேசமானால், அதைப் புரட்டிப் பார்த்தபின் பேச அனுமதிக்கலாம், வாயை அடைக்கவும் செய்யலாம்.

துருக்கியின் விதி இது: வெளியிலிருந்து கொண்டுவந்த கருவியில் அத்தேசத்துச் சிம் அட்டையைப் போட்டால் 120 நாள் வரை வேலை செய்யும். நாட்டில் நுழைந்த 120 நாளைக்குள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளவேண்டும். தவறினால் அந்தச் சிம் அட்டை அக்கருவியில் பேசாது. மூன்று வருஷத்துக்கு ஒருவருக்கு ஒரு கருவிதான். கட்டணம் எவ்வளவு என்கிறீர்கள்? 2024-இல் 31,692 லிராவாக இருந்தது 2025-இல் 45,614 லிராவாயிற்று. நம் நாணயத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்! முப்பதாயிரம் ரூபாய்க் கருவி வாய்திறக்க ஒரு லட்சம். குதிரை பத்து வராகன், லாடம் முப்பது வராகன் என்ற கதைதான்.

சர்க்கார்கள் இப்படிச் செய்வதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுங்கம் கட்டாமல் பெட்டி பெட்டியாய் வந்திறங்கும் சரக்கைத் தடுக்கவேண்டும். திருட்டுக் கருவி விலைபோகாமல் செய்யவேண்டும். நமது தேசத்திலும் 2023 ஜனவரி முதல், கைப்பேசி செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் இந்த எண்களைச் சர்க்காரிடம் பதிந்தாக வேண்டும். கருவி தொலைந்தால் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அறிவித்து அதை முடக்கிவிடவும் வழியிருக்கிறது. ஆயினும், வியாபாரியைப் பிடிக்க விரித்த வலையில், ஒரே ஒரு கருவியுடன் பிழைக்க வந்தவனும் சிக்கிக்கொள்கிறானே என்பதுதான் நமது மனத்தாங்கல்.

நமது பாட்டனார் மலாயாவிலிருந்து திரும்பியபோது ஒரு ரேடியோப் பெட்டி கொண்டுவந்தார். அதற்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்து வருஷந்தோறும் பணம் கட்டிய சிறு புத்தகம் இன்னும் நம் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது. 1933-ஆம் வருஷத்துச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பெட்டியை வைத்திருப்பதே குற்றம். 1980-களில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. ஆனால் பாட்டனாருக்கு என்ன செய்யவேண்டுமென்பது தெரிந்திருந்தது. தபாலாபீஸ் அடுத்த தெருவிலேயே இருந்தது.

நம்மவர்கள் ஏமாறுவதற்கு முக்கிய காரணம், நாம் அதிகம் பழகிய சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரயாணியிடம் இத்தகைய பதிவைக் கேட்பதில்லை. அதே பழக்கத்தில் இந்தோனேசியாவுக்குப் போகிறோம். சுமத்ராவின் மேடான் நகரில் ‘கம்போங் மதராஸ்’ என்று ஒரு பகுதியே உண்டு. அவ்வளவு பழைய உறவு! எனினும் 2020 செப்டம்பர் முதல் அங்கே தங்கப்போகிறவர், இறங்கிய விமான நிலையத்துச் சுங்கத்திலேயே கருவியைப் பதிந்துகொள்வது உத்தமம். ஒருவருக்கு இரண்டு கருவி வரையில், 500 டாலர் மதிப்புக்கு வரிவிலக்கு என்பது விதி. இலங்கையில் கருவி வாங்குகிறவர்கள், அதன் எண்ணை 1909-க்குக் குறுஞ்செய்தியாய் அனுப்பி, அனுமதி பெற்றதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நமது பையனிடம் விடுதித் தோழன் ஒருவன், சொற்பப் பணத்தில் எண்ணையே மாற்றித் தரும் ஆள் இருக்கிறான் என்று சொன்னானாம். வேண்டவே வேண்டாம் என்று உடனே எழுதினோம். இந்தியாவிலேயே 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் இத்தகைய மோசடிக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அவன் அவ்வூரிலேயே மலிவான கருவி ஒன்று வாங்கி அதில் துருக்கிச் சிம் அட்டையைப் போட்டுக்கொண்டான். நாம் சொல்லி வாங்கிய கருவி விடுதியில் படம் பார்க்க உதவுகிறது. “பரவாயில்லை ஸார்” என்று எழுதியிருந்தான். நமக்குத்தான் அது பரவாயில்லையாகத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஜகார்த்தாவுக்குப் போகும் பெண் ஒருத்தி தாயாருடன் வந்து நமஸ்காரம் செய்தாள். ஆசீர்வாதம் செய்துவிட்டு, “கைப்பேசியை இப்படிக் கொடு, அம்மா” என்று வாங்கி, *#06# என்று அழுத்தினோம். இரண்டு சிம் போடுகிற கருவியானதால் இரண்டு எண்கள் வந்தன. அரையாண்டுப் பரீட்சைத் தாளின் பின்புறத்தில் இரண்டையும் எழுதி, கடையின் ரசீதையும் அதனோடு சேர்த்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொன்னோம். “விமானத்தைவிட்டு இறங்கினதும் முதலில் சுங்கக்காரரிடம் போ; அப்புறந்தான் பெட்டியைத் தேடவேண்டும்” என்றோம். அவளுடைய தாயார் ஊறுகாயைப் பற்றிக் கேட்டார். அதற்கு நம் வீட்டு அம்மாளைக் கைகாட்டிவிட்டோம்.