உயிருள்ள கருவிக்கு இறப்புச் சான்றிதழ்

மின்னஞ்சல் பார்க்க வேண்டும். உற்றாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். தேவை எழும்போது இணையத்தில் ஒன்றைத் தேடிப் படிக்க வேண்டும். நம்மில் மூத்தோர் பலர் திறன்பேசியிடம் எதிர்பார்ப்பவை இம்மூன்றே. இவற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவியே போதுமானது. திரை ஒளிர்கின்றது, குரல் தெளிவாய்க் கேட்கின்றது, மின்கலமும் ஒரு பகற்பொழுதைத் தாங்குகின்றது. ஆயினும் திடீரென ஒரு நாள், 'இச்செயலி இனி இக்கருவியில் இயங்காது' என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகின்றது. கடைக்காரரைக் கேட்டால், "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கின்றார். வீட்டுப் பிள்ளைகளும் அதையே வழிமொழிகின்றனர். 'ஏன்?' என்னும் வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அதனை நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

ஆட்டுக்கல் தேய்ந்தால் கொத்திக்கொண்டோம். செருப்பு அறுந்தால் தைத்துக்கொண்டோம். பொருள் தேய்வது இயற்கை. தேய்ந்ததைச் சீர்செய்வது மனிதப் பண்பு. திறன்பேசியின் கதையோ வேறு. அது தேய்ந்து சாவதற்கு முன்பே கைவிடப்படுகின்றது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு இறப்புச் சான்றிதழ் எழுதப்படுகின்றது. எழுதுபவர் அதனை வாங்கியவர் அல்லர், விற்றவர்.

இது மிகைக் கூற்றன்று. நாம் கூறிய மூன்று பயன்களையும் எண்ணிப் பாருங்கள். முதலாவது மின்னஞ்சல். கடவுச்சொல்லை மட்டும் நம்பிய பழைய அஞ்சல் செயலிகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுவனம் கதவை அடைக்கத் தொடங்கியது. தனிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி உள்ளே செல்லச் சுற்றுவழி உண்டு. அதனை அறிந்த முதியோர் எத்தனை பேர்? இரண்டாவது செய்திப் பரிமாற்றம். 2023 அக்டோபர் 24 முதல், ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய பதிப்புகளில் இயங்கிய கருவிகளை வாட்ஸ்அப் கைவிட்டது. 2025 மே மாதத்தில் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றுக்கும் அதே கதி நேர்ந்தது.

மூன்றாவது இணைய உலாவல். ஒரு தளம் உண்மையானதுதான் என்பதற்குச் சான்று காட்டும். அச்சான்றை வழங்கியவரின் பெயர் நம் கருவியிலுள்ள நம்பிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். அப்பட்டியல் புதுப்பிக்கப்படாவிட்டால், நல்ல தளத்தையும் நம் கருவி கள்ளத்தளம் என்று கருதித் தடுத்துவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று, பழைய கருவிகள் அறிந்திருந்த இத்தகைய மூலச்சான்று ஒன்று காலாவதியாயிற்று. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு வழங்கும் சான்றுகள் அதனையே சார்ந்திருந்தன. ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்படும் என்று அவ்வமைப்பே 2020இல் கணித்திருந்தது. அது கைகழுவிவிட்டதா? இல்லை. மாற்று ஏற்பாடு ஒன்றைக் கண்டு, பழைய கருவிகளை மேலும் மூன்றாண்டுகள் வாழவைத்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'பழைய மென்பொருளில் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே கள்வர் நுழைவர். உங்கள் பாதுகாப்புக்காகவே மாற்றச் சொல்கின்றோம்' என்பது மறுதரப்பின் வாதம். ஓட்டைகள் இருப்பது உண்மை. கள்வர் இருப்பதும் உண்மை. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வோட்டையை அடைக்கும் ஆற்றல் எவர் கையில் உள்ளது? ஆண்ட்ராய்டைக் கூகுள் ஆக்குகின்றது. சில்லு செய்யும் நிறுவனம் அதற்கேற்ற இயக்கு மென்பொருளைத் தருகின்றது. கைப்பேசி நிறுவனம் இரண்டையும் தன் கருவிக்குப் பொருத்துகின்றது. இச்சங்கிலியில் ஒருவர் கையை விட்டால் புதுப்பிப்பு நின்றுபோகும். கூரையை வேயும் பொறுப்பை மூவரும் தட்டிக்கழித்துவிட்டு, 'வீடு ஒழுகுகின்றது, காலி செய்யும்' என்று குடியிருப்பவரிடம் கூறுவது எந்த ஊர் நியாயம்?

பாதுகாப்பின் பெயரால் நிகழும் மாற்றமே பாதுகாப்பைக் குலைப்பதையும் காண்கின்றோம். புதிய கருவியை வாங்கிய முதியவர், அதில் அஞ்சல் கணக்கையும் வங்கிச் செயலியையும் தாமே அமைத்துக்கொள்ள அறியார். ஆகவே கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, முன்பின் அறியாத கடை இளைஞரிடம் நீட்டுகின்றார். ஒருமுறைக் கடவெண்ணையும் வாய்விட்டுச் சொல்கின்றார். பழைய கருவியில் இருந்த உரையாடல்கள், மறைந்த துணைவியின் குரற்பதிவு, பேரக் குழந்தையின் முதற்படம் ஆகியவை புதியதற்கு வந்துசேர்ந்தனவா என்று பார்க்கவும் அவருக்குத் தெரியாது. பழையதைக் கழித்து விலை பேசி முடித்த பின்னரே இழப்பு தெரிகின்றது. அந்த இழப்பை எந்த நிறுவனம் கணக்கில் எழுதும்?

'நீண்ட நாள் ஆதரிப்பது இயலாது' என்பர் சிலர். 2015இல் வெளிவந்த ஃபேர்ஃபோன் 2 என்னும் கருவிக்கு, நெதர்லாந்தின் ஒரு சிறு நிறுவனம் 2023 மார்ச் வரை புதுப்பிப்பு வழங்கியது. சில்லு நிறுவனம் ஆதரவை நிறுத்திய பின்னும் வழங்கியது. 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8, 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் முன்னர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டது இயலாமையாலா, மனமின்மையாலா? இன்றும் இந்த நீண்ட ஆயுள் முதன்மையாக விலையுயர்ந்த கருவிகளுக்கே வாய்க்கின்றது. கூலி வேலை செய்பவர் தவணையில் வாங்கும் எளிய கருவிகள் பலவற்றுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. மாடமாளிகைக்கு நூறாண்டு உறுதி. குடிசைக்கு ஒரே ஒரு மழைக்காலம்!

கைவிடப்பட்ட கருவிகள் எங்கே செல்கின்றன? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் 2024இல் வெளியான ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகின்றது. மின்கலத்துக்கான கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. அங்கே சிறுவரும் மண் தோண்டும் அவலம் உலகறிந்தது. இயங்கும் கருவியை எறிந்துவிட்டு வாங்கும் ஒவ்வொரு புதிய கருவியும் அம்மண்ணை மேலும் ஒரு பிடி தோண்டச் செய்கின்றது.

இங்கே நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. கட்டாயத்தால் மாற்றுவோர் ஒருபுறம் இருக்க, பெருமைக்காக ஆண்டுதோறும் மாற்றுவோரும் உளர். பழைய கருவி வைத்திருப்பவரைக் கண்டு நகைப்போரும் உளர். இந்த நகைப்பே நிறுவனங்களுக்குச் செலவில்லாத விளம்பரம் என்பதை அவர்கள் உணர்வார்களாக.

தீர்வு எட்டாக்கனியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதி, ஒரு வகைக் கருவியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்கின்றது. முக்கிய உதிரிப் பாகங்கள் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும் என்கின்றது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை என்பதை நிறுவனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் சட்டம் உள்ளது. நம் நாட்டில் நடுவண் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். ஆனால் தகவல் தருவது வேறு, கடமையாக்குவது வேறு.

மருந்து அட்டையில் காலாவதி நாள் அச்சிடப்படுகின்றது. பத்து ரூபாய் பிஸ்கட்டிலும் அச்சிடப்படுகின்றது. பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் பெட்டியில், 'இந்நாள் வரை இதனைப் புதுப்பிப்போம்' என்று ஏன் அச்சிடலாகாது? அந்நாள் வரும்வரை அஞ்சலுக்கும் செய்திக்கும் கதவு அடைக்கப்படாது என்று ஏன் உறுதி தரலாகாது? வாசக அன்பர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது நிழற்படக் கருவியின் திறனை விசாரிப்பதற்கு முன் இக்கேள்வியைக் கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியாதிருக்கலாம். நூறு பேர் கேட்டால் அவர் நிறுவனத்தைக் கேட்பார். இலட்சம் பேர் கேட்டால் அரசு கேட்கும். அதுவரை, கையிலிருக்கும் கருவி உழைக்கும் மட்டும் அதனை உழைக்க விடுவோம்.