கரையில் நின்று கேளுங்கள்!



இம்மாதம் ஒரு கடிதத்தோடு உங்களைச் சந்திக்கிறேன். எழுதியவர் இராமநாதபுரம் மாவட்டத்துச் சகோதரி. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்குக் கொழும்பில் வேலை. இவரும் அங்கேயே அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறார். வாரம் முழுவதும் அவர் வேலை, வேலை என்று ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அசதியில் தூங்குகிறார். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இவருடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தவராம். அந்தக் கரையை ஒருமுறை பார்க்க வேண்டும், கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது இவர் ஆசை. "போகலாமா? பெண்பிள்ளை கடலில் இறங்கினால் ஆபத்தில்லையா? இரண்டு பேர் மட்டும் போனால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டவர் ஒருவர்தான். ஆனாலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கணவரோடு குடியிருந்து, நான்கு சுவர்களையே நாடாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

போங்கள் சகோதரி, தாராளமாகப் போங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போனதும் முதலில் கடலில் இறங்காதீர்கள். கரையில் நின்று, அங்கே வாழ்கிறவர்களைக் கேளுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்கள் உயிரையும் காக்கும். அவர்கள் மரியாதையையும் காக்கும்.

எப்படிப் போவது?

கொழும்பிலிருந்து மன்னார் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சாலை இருக்கிறது. போரில் அழிந்துபோன தலைமன்னார் ரயில் பாதையைத் திரும்ப அமைத்து 2015 மார்ச்சில் திறந்தார்கள். மழை வெள்ளத்தாலும் பழுது வேலையாலும் ரயில்கள் சில சமயம் நின்றுவிடுவதுண்டு. ஆகவே புறப்படுமுன் ரயில் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இருவருமே பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். எல்லையோரக் கடற்கரை அல்லவா? கடற்படையினரோ காவல்துறையினரோ கேட்டால் காட்ட வேண்டும்.

மன்னார் ஒரு தீவு. பெருநிலத்தையும் தீவையும் ஒரு நீண்ட கடல்வழிச் சாலையும், 2010-ல் திறந்த புதிய பாலமும் இணைக்கின்றன. நகரத்தைத் தாண்டிச் சற்றே மேற்கில், தீவின் தென்கரையில் இருக்கிறது தாழ்வுபாடு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வாழும் ஊர். பனைமரங்கள், வெள்ளை மணல், வரிசையாக இழுத்து வைத்த படகுகள். வழியில் கழுதைகள் கூட்டங்கூட்டமாகச் சாலையில் நிற்கும். இரவில் வண்டி ஓட்டினால் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

முதல் கேள்வி: "இன்றைக்குக் கடல் எப்படி?"

தாழ்வுபாட்டில் இறங்கியதும் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது உங்கள் கணவர் அணுகட்டும். "ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது? எந்த இடத்தில் கால் நனைக்கலாம்?" என்று கேட்கட்டும். படகோட்டிப் பிழைக்கிறவருக்குத் தெரியாததா?

மன்னார்த் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு நீரிணை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சானும் சோளகமும் வீசும். அப்போது தென்கரை கொந்தளிக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று. அப்போது வடகரை முரண்டு பிடிக்கும். தென்கரைக்குத் தீவே மறைப்பாக நிற்கும். ஒரே நாளில் ஒரு கரை கொந்தளிக்க, மறுகரை குளம்போல் கிடப்பதுண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மழையும் ஓய்ந்து, கடலும் அடங்கியிருக்கும். முதல்முறை போகும் உங்களுக்கு அந்த மாதங்களே ஏற்றவை.

பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்று அலையில் பறக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் கச்சான் காலத்தில் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்கள் வரவேற்கும் அதே காற்றுதான் மீனவரைக் கரையிலேயே உட்கார வைக்கிறது. பயிற்சி பெற்றவர் விளையாடுவதைப் பார்த்து, நாமும் இறங்கிவிடக் கூடாது.

கடலில் இறங்கும்போது

முழங்கால் அளவுத் தண்ணீர் போதும் சகோதரி. நனைந்த நீளமான மேலாடை காலைச் சுற்றிக்கொண்டு கனக்கும். இறங்குவதாக இருந்தால், தளர்வான சல்வார் போன்ற, காலை விடுதலையாக அசைக்க முடிந்த உடை நல்லது. தலையை மூடிய துணி கழுத்தில் இறுகாதபடி பின் குத்திக்கொள்ளுங்கள்.

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை மீன் புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும். தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும். குத்திவிட்டால், பொறுக்க முடிந்த அளவு சுடுநீரில் காலை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரையில் மோதிய தண்ணீர் சில இடங்களில் ஒடுங்கிய வாய்க்கால்போல் திரும்பக் கடலுக்குள் ஓடும். அது ஆளை உள்ளே இழுக்கும். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் விலக வேண்டும். விலகிவிட்டால் இழுப்பு குறைந்துவிடும். பிறகு கரைக்கு வரலாம். ஒருவர் சிக்கினால் மற்றவர் கைகோத்துக்கொண்டு உள்ளே ஓடுவது பெருந்தவறு. இப்படி ஒரே குடும்பத்தில் பலர் மூழ்கிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள், கயிறோ, காலி நீர்க்கலனோ எறியுங்கள்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1966 ஏப்ரலில் மிஹிர் சென் நீந்திக் கடந்தார். 25 மணி 36 நிமிடங்கள் பிடித்தன. ஆங்கிலக் கால்வாயையே நீந்தியவர் அவர். அப்படிப்பட்டவரே இந்தியக் கடற்படையின் துணையோடுதான் இந்தக் கடலில் இறங்கினார். 2021 மார்ச்சில் தெலங்கானாவைச் சேர்ந்த சியாமளா கோலி என்ற பெண்மணி இதே கடலைக் கடந்தார். நாற்பது வயதைத் தாண்டியபின் நீச்சல் கற்றவர் அவர். உடன் படகுகள் வந்தன. பெண்ணுக்குக் கடல் விலக்கப்பட்டதல்ல என்பதற்கு இவர் சாட்சி. கற்றுக்கொண்டு இறங்க வேண்டும், துணையோடு இறங்க வேண்டும் என்பதற்கும் இவரே சாட்சி. கொழும்பில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் நீச்சல் குளம் கிடைத்தால் இன்றே சேர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: "இங்கே நிற்கலாமா?"

நமக்குக் கடற்கரை பொழுதுபோக்கும் இடம். அங்கே வாழ்கிறவர்களுக்கோ அது வயலும் களமும். கரைவலை இழுக்கும் நேரத்தில் கயிற்றுக்குக் குறுக்கே நடந்தால் வேலை கெடும், நமக்கும் அடிபடும். கருவாடு காயப் போட்டிருக்கும் பாயின் ஓரத்தில் மணலைக் கிளப்பி நடந்தால், அந்தப் பெண்களின் ஒரு நாள் உழைப்பு மண்ணாகிவிடும். பருவத்துக்கு வந்து தங்கும் வெளியூர் மீனவரின் குடிசைக்கு வாடி என்று பெயர். ஓலைக் கொட்டகை என்று எண்ணி எட்டிப் பார்க்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு.

கருவாடு புரட்டும் அக்காவிடம் போய், "இங்கே சற்று நிற்கலாமா அக்கா?" என்று நீங்கள் கேளுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். நம்மை யாராவது கேட்காமல் படம் எடுத்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் அல்லவா? கேட்டுவிட்டால் அவர் முகம் மலரும். பேச்சு தானே வளரும். திரும்பும்போது அவரிடமே கருவாடு வாங்குங்கள்.

தென்கரையில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்ப்பீர்கள். தம்பபவனி என்று பெயர். முப்பது காற்றாலைகள், 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில் திறந்தார்கள். மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து 2025-ல் மன்னார் மக்கள் போராடினார்கள். மீன்பிடியும் மழைநீர் வடிகாலும் கெடும் என்பது அவர்கள் முறையீடு. நமக்கு அழகான படமாகத் தெரிவது அவர்களுக்குக் கவலையாக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

பாட்டி இறங்கிய கரை

அங்கிருந்து தீவின் மறுமுனைக்குப் போனால் தலைமன்னார். கலங்கரை விளக்கமும் பழைய இறங்குதுறையின் சிதைவும் அங்கே இருக்கின்றன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே பயணமாக மக்கள் வந்தார்கள். போட் மெயில் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், போர்க்காலத்தில் நின்றுவிட்டது.

தலைமன்னாரில் நின்றால் எதிரே சுமார் முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. அக்கரை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் வெளிநாட்டில் நின்றுகொண்டு, பிறந்த மண்ணை இவ்வளவு பக்கத்தில் உணரும் பேறு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அங்கே நின்று பாட்டியைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

இடையில் ஆதாம் பாலத்து மணல்திட்டுகள் இருக்கின்றன. ஆசைக்காக யாருடைய படகிலாவது ஏறிவிடாதீர்கள். அது சர்வதேசக் கடல் எல்லை; வனவிலங்குத் துறை காக்கும் பகுதியும்கூட. அனுமதி உண்டா என்று அதிகாரிகளிடம் கேட்டபின்தான் போக வேண்டும்.

கேட்காமல் கேட்க வேண்டியது

தீவிலேயே எருக்கலம்பிட்டி, தாராபுரம் ஆகிய முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் உங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் அங்கே போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1990 அக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு, நிலம், நகை, கடை எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். மன்னார்த் தீவு மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். புத்தளம் மாவட்ட முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009-ல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். இதே கரையிலிருந்து தமிழ் மீனவக் குடும்பங்களும் போருக்கு அஞ்சி இரவோடிரவாகப் படகேறின; உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தன.

ஆகவே அங்கே ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். "அப்போது என்ன நடந்தது?" என்று நீங்களாகத் தோண்டாதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒருவர் துயரம் நமக்குச் சுற்றுலா ஆகிவிடக் கூடாது.

மன்னார் நகருக்குத் திரும்பும்போது பள்ளிமுனையில் பெருக்க மரத்தைப் பாருங்கள். அடிமரத்தின் சுற்றளவு பத்தொன்பது மீட்டருக்கு மேல். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது வழிவழியாக வரும் பேச்சு. வெளியிலிருந்து வந்தது இங்கே இவ்வளவு ஆழமாக வேரூன்றி நிற்கிறது! பாலத்துக்கு அப்பால் வங்காலைப் பறவைகள் சரணாலயம். பருவத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். அருகில் போய்க் கலைக்காமல் எட்ட நின்று பாருங்கள்.

சகோதரி, உங்கள் கணவரை ஞாயிற்றுக்கிழமையே எழுப்பிக் கிளப்பிவிடாதீர்கள். இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வரும்போது, ஒரு மாதம் முன்னதாகவே பேசி வையுங்கள். போகிற வழியில் கணக்கு வழக்கு, வீட்டு வாடகை, ஊர்ப் பிரச்சினை எதையும் எடுக்காதீர்கள். கரையில் முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு கேட்கிறீர்கள், "உங்களுக்கு என்ன அசதி?" என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாரம் முழுவதும் ஜன்னலோரம் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அவரும் கேட்கட்டும்.

போய் வந்து எழுதுங்கள். தாழ்வுபாட்டுப் பெரியவர் கடலைப் பற்றி என்ன சொன்னார் என்று அறிய நாங்களும் ஆவலாக இருக்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.