ஆளுக்கொரு பாதை: நல்ல விளம்பரம், மோசமான உளவியல்

கல்லூரிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடுவே யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் தலையாட்டிவிடும் நம்பிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் தனி வேகம், தனிப் பாதை. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஒரு பேராசிரியரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, மென்பொருளால் முடியும் என்பதே அது. இதை நம்பித்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முதலாண்டு உயிரியல், வேதியியல், உளவியல் பாடங்களை 'அடாப்டிவ்' டிஜிட்டல் பாடங்களாக மாற்றின. மாணவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார். அதைப் பொறுத்து அடுத்து வரும் பக்கமோ கேள்வியோ மாறுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இதில் முன்வரிசையில் நிற்கிறது. மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பொது உளவியலே இப்படிக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பாடங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் சில உருப்படியானவை. ஆனால் அவை பலன் தருவதற்குச் சொல்லப்படும் காரணம் பொய். அந்தப் பொய்யை நம்பிக் காசு கொடுக்கும் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் பலன் தராத சரக்குதான் வந்து சேர்கிறது.

முதலில் விளம்பரத்தைப் பார்ப்போம். 2008இல் நியூயார்க்கில் நியூட்டன் என்றொரு நிறுவனம் தொடங்கியது. விஞ்ஞானிக்கும் அதற்கும் உறவில்லை. அதை நிறுவிய ஹோஸே ஃபெரேரா 2015இல் அமெரிக்கப் பொது வானொலியிடம் பேசியபோது, தன் மென்பொருளை வானத்தில் இருக்கும் ரோபோ ஆசிரியர் என்றும், அது உங்கள் மனத்தைப் பாதி படித்துவிடும் என்றும் வர்ணித்தார். பாடநூல் உலகின் பெருமுதலாளியான பியர்சன் 2011இலேயே அவரோடு கைகோத்திருந்தது. முதலீடு பதினைந்து கோடி டாலரைத் தாண்டியது. 2019இல் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து வைலி பதிப்பகம் அதை வாங்கிக்கொண்டது. மாணவர் மனத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கடைக் கணக்கைப் படிக்கத் தெரியவில்லை போலும். கடை நொடித்ததால் கருத்தும் தவறு என்று ஆகிவிடாது, அது வேறு. ஆகவே கருத்துக்கே வருகிறேன்.

இந்தச் சரக்கை விற்கிறவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் சான்று, பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை. தனி ஆசிரியரிடம் படித்தவர்களின் சராசரி, வழக்கமான வகுப்பில் படித்தவர்களின் சராசரியைவிட இரண்டு திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது என்றார் அவர். அதாவது, நடுத்தர மாணவர் ஒருவர் தனி ஆசிரியர் துணையால் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டிவிடுவார். கேட்க ஜோராக இருக்கிறது. மூலத்தைப் புரட்டினால் கதை வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவர்கள் இருவர் செய்த முனைவர் ஆய்வுகளே அந்த எண்ணுக்கு அடிப்படை. படித்தவர்கள் நான்கு, ஐந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாடம், நிகழ்தகவும் நிலப்படம் படிப்பதும். காலம், மூன்று வாரம். தனி ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் ஓர் அலகைத் தாண்டுவதற்கு எடுக்க வேண்டிய மதிப்பெண்ணும் மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரம் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கணக்கைக் காட்டி, பத்தொன்பது வயது மாணவிக்குக் கரிம வேதியியலை இயந்திரம் கற்றுக்கொடுத்துவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

2011இல் கர்ட் வான்லேன் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார். அவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்தான். மனித ஆசிரியரால் கிடைக்கும் பலன் இரண்டு திட்டவிலக்கம் அல்ல, 0.79 என்றார். மாணவர் கணக்கைப் போடப்போட ஒவ்வொரு படியிலும் கூடவே வரும் மென்பொருளுக்கு 0.76. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தவறு சொல்லும் மென்பொருளுக்கு 0.31. அந்த 0.76ஐக் காட்டி விலை பேசிவிட்டு 0.31ஐக் கட்டிக்கொடுப்பதுதான் சந்தையில் பெரும்பாலும் நடக்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? உயிரியல் மாணவருக்கும் உளவியல் மாணவருக்கும் பொதுவாக வரும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். நரம்பணு ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் எந்த அயனி முதலில் உள்ளே பாய்கிறது? நான்கு விடைகள் திரையில் இருக்கின்றன. மாணவி பொட்டாசியத்தைச் சொடுக்குகிறாள். தவறு. மென்பொருள் அவளை ஒரு பத்திக்குத் திருப்பி அனுப்புகிறது. பத்து நிமிடம் முன்பு அவள் படித்த அதே பத்தி. பிறகு வாக்கியத்தை மாற்றிப்போட்டு அதே கேள்வி. இம்முறை சோடியம். பச்சை விளக்கு எரிகிறது. தேர்ச்சி என்று பதிவாகிறது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பொட்டாசியம் இல்லை என்பது மட்டும். சோடியம் ஏன் உள்ளே வருகிறது? வெளியே அதன் செறிவு அதிகம், உள்ளே இழுக்க எதிர்மின்னும் இருக்கிறது. அதே எதிர்மின் பொட்டாசியத்தையும்தானே உள்ளே இழுக்க வேண்டும், அது ஏன் வெளியே போகப் பார்க்கிறது? அந்தக் கேள்வி அவளுக்குள் எழவில்லை, இயந்திரமும் எழுப்பவில்லை. செய்முறை வகுப்பில் நிற்கும் உதவியாளர் ஒருவர், "சவ்வுக்கு வெளியே எது அதிகம்மா? இப்போ எந்த வாசல் திறந்தது? மின்விசை எந்தப் பக்கம் இழுக்குது?" என்று மூன்று சிறு கேள்வி கேட்டிருப்பார். எங்கே தடுக்கியது என்பது இரண்டாவது கேள்விக்குள் தெரிந்துவிடும். படிப்படியாகக் கூட வரும் நல்ல மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சிறு கேள்விகளைப் பாடம் தெரிந்தவர் உட்கார்ந்து எழுத வேண்டும். மாணவர்கள் எங்கெல்லாம் தப்பு செய்வார்கள் என்று அறிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். அதற்குக் காலமும் காசும் ஆகும். நான்கு விடைக் கேள்விகளைக் குவிப்பது மலிவு.

இயந்திரம் ஒரு மாணவரை எப்படித்தான் அறிந்துகொள்கிறது? ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995இல் வெளியிட்ட கணக்குமுறை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. அதில் நான்கு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒருமுறை முயன்றால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகிவிடும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. அழகான கணக்குதான். ஆனால் அதன் அடிப்படை வடிவத்தில் இந்த நான்கும் திறனுக்குத் திறன் மாறுமே தவிர ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. எல்லா மாணவருக்கும் ஒரே அச்சு. ஆளுக்கொரு பாதை என்று விற்கப்படும் வீட்டின் அஸ்திவாரம் இப்படி இருக்கிறது.

இன்னும் வேடிக்கை, ஆளுக்கொரு வேகம் என்பதே ஆட்டம் கண்டிருக்கிறது. கென் கோடிங்கரும் அவருடைய குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி முதல் கல்லூரி வரையிலான 27 தரவுத் தொகுப்புகளை, பதின்மூன்று லட்சம் பதிவுகளை அலசியது. மாணவர்கள் தொடங்கும் இடம் வெகுவாக வேறுபடுகிறது; ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னேறும் அளவு வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோலவே இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. மந்தமானவர், கெட்டிக்காரர் என்று நாம் பிரிப்பதில் பெரும்பகுதி, யார் எவ்வளவு தெரிந்துகொண்டு உள்ளே வந்தார் என்பதுதான். பின்னால் தொடங்கியவருக்கு வேண்டியது இன்னும் சில தடவைப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் உடனடித் திருத்தம். தனிப் பாதை அல்ல.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பக் காணொலியோ ஒலிப்பதிவோ தருவோம் என்கிற விளம்பரங்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஹரோல்ட் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே அதற்குத் தகுந்த சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் நல்ல பாடங்களில் எது வேலை செய்கிறது? கோடிங்கர் குழு 2015இல் ஓர் உளவியல் அறிமுகப் பாடத்தையே எடுத்து ஆராய்ந்தது. ஜார்ஜியா டெக் நிறுவனம் இணையத்தில் நடத்திய பாடம் அது. காணொலி பார்த்ததற்கும் பக்கம் படித்ததற்கும் தேர்வு முடிவோடு இருந்த தொடர்பைவிட, பயிற்சிக் கேள்விகளைச் செய்துபார்த்ததற்கு இருந்த தொடர்பு ஆறு மடங்குக்கு மேல். செய்துபார்த்தல், உடனே திருத்தம். ரகசியம் இவ்வளவுதான். இதற்கு மனத்தைப் படிக்கும் ரோபோ வேண்டாம்.

உளவியல் மாணவருக்கு இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அவர் படிக்கும் புத்தகத்திலேயே ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் செய்த சோதனை இருக்கும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக ஒப்பித்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டுத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்திவிட்டார்கள். நம் மாணவிக்குப் பச்சை விளக்கு எரிந்தது அந்த ஐந்தாவது நிமிடத்தில். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து 2019இல் வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் பாடத்துக்கு மாணவர் ஐந்து நட்சத்திரம் தருவார். அந்த நட்சத்திரங்களையே விற்பனையாளர் சான்றாகக் கொண்டுவருவார்.

சுயவேகத்தின் பலனும் புதிதாகத் தெரியவந்தது அல்ல. ஃப்ரெட் கெல்லர் என்ற உளவியல் பேராசிரியர் 1968இலேயே விரிவுரைக்கு விடைகொடுத்துவிட்டு, மாணவர் தன் போக்கில் அலகு அலகாக முடித்துக்கொண்டு போகும் முறையை முன்வைத்தார். அந்த முறை நல்ல விளைவுகளைத் தந்தது. தள்ளிப்போடும் நோயையும் கூடவே தந்தது. நல்ல விளைவுக்குப் பின்னால், ஒவ்வொரு அலகுத் தேர்வையும் முகத்துக்கு முகம் திருத்திப் பேசிய மூத்த மாணவர்கள் இருந்தார்கள். இன்றைய மென்பொருள் சுயவேகத்தை எடுத்துக்கொண்டு அந்த மூத்த மாணவர்களைக் கழற்றிவிட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பாடத்தை ஆறு அரசுக் கல்லூரி வளாகங்களில் 605 மாணவர்களிடம் சோதித்து, வில்லியம் போவன் குழு 2012இல் முடிவு வெளியிட்டது. மதிப்பெண் வழக்கமான வகுப்பைப் போலவே இருந்தது. செலவான நேரம் கால்பங்கு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பாடத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியரோடு நேரடி வகுப்பு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கேற்பத் தகவமைவதுதான் மந்திரம் என்றால் அது பரவலாகத் தெரிய வேண்டுமல்லவா? கேட்ஸ் அறக்கட்டளை செலவில் பதினான்கு கல்வி நிறுவனங்களில் அடாப்டிவ் பாடங்களைச் சோதித்து எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் 2016இல் அறிக்கை தந்தது. மதிப்பெண்ணை ஒப்பிட முடிந்த பதினைந்து பாடங்களில் நான்கில் மட்டும், அதுவும் சற்றே உயர்வு.

இதற்குக் கல்லூரி மட்டுமா விலை கொடுக்கிறது? மாணவரும்தான். பழைய பாடநூலைச் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கலாம், நூலகத்தில் எடுக்கலாம். வீட்டுப்பாடமே மென்பொருளுக்குள் இருந்தால், அதைத் திறக்கும் குறியெண்ணை ஒவ்வொருவரும் புதிதாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒருவர் பயன்படுத்தியது இன்னொருவருக்கு உதவாது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிகளின்படி ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்வயம் அடாப்டிவ் அல்ல. ஆனால் திரைப்பாடத்துக்குக் கதவு திறந்தாயிற்று, அடுத்த விற்பனையாளர் படியேறி வர அதிக நாள் ஆகாது. கல்லூரி முதல்வர்களே, துறைத் தலைவர்களே, அவர் வரும்போது ரோபோவைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். பச்சை விளக்கு எரிந்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக் காகிதத்தில் தேர்வு வைத்த கணக்கு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் செய்முறை வகுப்புக்கு இரண்டு உதவியாளர்களை நியமியுங்கள்.