பெட்ரோல் பங்கா, சத்திரமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் புதுச்சத்திரம் என்ற ஊரைப் பார்த்திருப்பீர்கள். பெயரே சொல்கிறதல்லவா? வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில், வழிப்போக்கருக்குத் திண்ணையும் நிழலும் தண்ணீரும் தந்தவை சத்திரங்கள். மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தது. சத்திரம் போய் பெட்ரோல் பங்க் வந்தது. வண்டியின் தாகம் தீருகிறது, சரி. வண்டியில் வந்த மனுஷிக்கு?

அமெரிக்காவின் பிரபல கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், பங்க் என்பது ஊரார் கூடும் இடமாக வேண்டும் என்று 1930-களிலேயே கனவு கண்டவர். மினசோட்டா மாநிலத்தில் கிளோகே என்று ஒரு சிற்றூர். அங்கே லிண்ட்ஹோம் என்ற எண்ணெய் வியாபாரிக்கு முதலில் வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தார், பிறகு பங்குக்கும். 1958-ல் அது திறந்தபோது ரைட்டுக்கு 90 வயது தாண்டிவிட்டது!

அதன் விசித்திரத்தைக் கேளுங்கள். செம்பு வேய்ந்த கூரை, கீழே ஒரு தூணும் இல்லாமல், 32 அடி தூரம் பறவை இறக்கை போல நீண்டு நிற்கிறது. பெட்ரோல் குழாய்களும் மேலிருந்து தொங்கட்டும் என்றார். தீத்தடுப்பு விதிகள் இடம் தரவில்லை. மாடியில் கண்ணாடி பதித்த ஓர் அறை. கீழே வண்டியைப் பழுது பார்க்கும்வரை மேலே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கலாம். 1985-ல் அமெரிக்க அரசின் சரித்திரச் சின்னங்கள் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது.

நமக்குச் செம்புக் கூரை வேண்டாம். ஆனால் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் புறப்படும் எத்தனை பெண்கள், வழியில் என்ன செய்வது என்று பயந்து, காலைக் காப்பியைக்கூடத் தியாகம் செய்கிறார்கள்! பக்தியினால் இருக்கும் பட்டினி அல்ல அது. உடம்புக்குக் கேடு.

நம் நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளின் விதிகளிலேயே, வாடிக்கையாளருக்குச் சுத்தமான கழிப்பிடமும் குடிதண்ணீரும், டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. காற்றைக் கணவர் கூசாமல் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நாம்தான் கூச்சப்பட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

அடுத்த முறை இறங்கிப் போய்க் கேளுங்கள், சகோதரிகளே. பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேளுங்கள். "சாவி இல்லை" என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். அதையும் பங்கில் வைத்திருக்கத்தான் வேண்டும். நாலு பேர் நாலு வரி எழுதினால், தொலைந்த சாவி தானே கிடைத்துவிடும்!